சாவிக்கொத்து வேண்டாம், கடிகாரம் போதும்!

பஸ் ஸ்டாண்டில் ஒருவர் வலிப்பு வந்து கீழே விழுந்தால், அடுத்த நொடி ஒரு குரல் கேட்கும்: "யார்கிட்டயாவது சாவி இருக்கா?" பைக் சாவி, வீட்டுச் சாவி, கடைச் சாவி என்று ஒரு கொத்தே அவர் கைக்குள் திணிக்கப்படும். கொஞ்ச நேரத்தில் உதறல் நிற்கும். "பாத்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுடுச்சு" என்பார்கள்.

நின்றது இரும்பால் அல்ல. மூளையின் நரம்பு செல்களில் திடீரென அளவுக்கு மீறி மின்தூண்டல் பாய்வதுதான் வலிப்பு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நிமிடங்களுக்குள் அது தானாகவே அடங்கிவிடும். சாவியைத் தேடி எடுத்துக் கொடுக்கவும் அதே நேரம்தான் ஆகிறது. காக்காய் வலிப்பு என்று பேர் வைத்த ஊரில், காக்காய் உட்காரப் பனம்பழம் விழுந்த கதையும் சேர்ந்தே நடக்கிறது!

சாவி கொடுத்தால் கெட்டா போய்விடும் என்று கேட்கலாம். கையில் கொடுத்தால் பெரிதாக ஒன்றும் ஆகாது. அதையே பல்லுக்கு நடுவே செருகினால் பல் உடையும், தாடை கிழியும். நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயமும் வீண். நாக்கை யாராலும் விழுங்க முடியாது. கை கால்களை அழுத்திப் பிடிப்பதும், நினைவு முழுதாகத் திரும்பும் முன் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றுவதும் ஆபத்து.

முதலில் மணி பார்க்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் கல், கூர்மையான பொருட்களை நகர்த்தி, தலைக்கு அடியில் துண்டையோ பையையோ மடித்து வைத்து, கழுத்துப் பொத்தானைத் தளர்த்தினால் போதும். உதறல் நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைத்தால் எச்சில் வெளியே வந்துவிடும், மூச்சு அடைக்காது. ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்கவில்லை, தெளியாமலே அடுத்த வலிப்பு வருகிறது, விழுந்தவர் கர்ப்பிணி, அடிபட்டிருக்கிறது, இதுதான் முதல் வலிப்பு... இவற்றில் எதுவாக இருந்தாலும் உடனே 108. கூட இருப்பது வீட்டு ஆள் என்றால் செல்போனில் அரை நிமிட வீடியோ எடுப்பது நல்லது. அது டாக்டர் பார்ப்பதற்கு மட்டும், ஸ்டேட்டஸுக்கு அல்ல.

தெருவில் இப்படி என்றால், வீட்டுக்குள் நடப்பது இன்னும் மோசம். அங்கே நோயையே மறைக்கிறார்கள், அதுவும் பெண்ணுக்கு என்றால் கேட்கவே வேண்டாம். அடிக்கடி வலிப்பு வருபவர்கள் திருமணத்துக்குத் தகுதியில்லாதவர்கள் என்று இந்து திருமணச் சட்டத்திலேயே ஒரு பிரிவு இருந்தது. 1999-ல் செய்த திருத்தத்தில் 'வலிப்பு' என்ற சொல்லை நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. சட்டம் மாறிக் கால் நூற்றாண்டு ஆகியும், ஜாதகப் பரிமாற்றத்தின்போது மாத்திரை டப்பா அலமாரியின் அடியில்தான் கிடக்கிறது.

"கல்யாணம் முடியற வரைக்கும் நாலு நாள் மாத்திரை போடாதம்மா, யாராவது பாத்துடுவாங்க." பாசத்தில் சொல்வதுதான். ஆனால், முதல் நாள் இரவு ரிசப்ஷன், விடியற்காலை முகூர்த்தம், நடுவில் தூக்கமே இல்லை. மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் தூக்கம் கெடுவதும்தான் வலிப்பைத் தூண்டும் முக்கியமான காரணங்கள். எது தெரியக் கூடாது என்று மறைக்கிறார்களோ, அதை மணமேடைக்கே அழைத்து வருகிற ஏற்பாடு இது.

அதன் பிறகும் சிக்கல் தீர்வதில்லை. வலிப்புக்குத் தரப்படும் வால்ப்ரோயேட் என்ற மருந்து, கருவில் வளரும் குழந்தையைப் பாதிக்கக் கூடியது. கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொன்னால் மருந்தையோ அளவையோ மாற்றித் தருவார், ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் எழுதுவார். கணவருக்கே தெரியாமல் மாத்திரை போடும் பெண் யாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு அந்த டாக்டரிடம் போவாள்?

முறையாகச் சிகிச்சை எடுத்தால், 100 பேரில் 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை பெற்று, வேலைக்குப் போய், சாதாரணமாக வாழும் பெண்கள் ஏராளம். பல ஆண்டுகள் வலிப்பே வராதவர்களுக்கு மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவதும் உண்டு. எப்போது, எவ்வளவு என்பதை நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும், கல்யாணத் தேதி அல்ல.