மூணாவது வருஷம் என்ன ஆகும்?

சாயங்காலம் கிளாஸ் முடிஞ்சு ஃபேர்லேண்ட்ஸ்ல நிக்கிறீங்க. கையில காகிதப் பொட்டலம். சூடா கொண்டைக்கடலைச் சுண்டல், மேல ரெண்டு மாங்காய்த் துண்டு. அரட்டை ஓடுது. அந்தக் கடலையைப் பத்தி என்னிக்காவது யோசிச்சிருக்கீங்களா பாஸ்? இந்த வாரம் அதுதான் மேட்டர்!

சேலம், நாமக்கல் பக்கம் சோளம், நிலக்கடலை, மரவள்ளின்னு நிறையப் பார்த்திருப்பீங்க. கொண்டைக்கடலைக் காடு அபூர்வம். காரணம் சிம்பிள். அது குளிர்காலப் பயிர். பூக்கிற நேரத்துல வெயில் 35 டிகிரியைத் தாண்டினா காய் சரியாப் பிடிக்காது. நம்ம ஊர் குளிர்காலமோ ரொம்பக் குட்டி! போதாக்குறைக்கு, மழை முடிஞ்சதும் விதைச்சு, மண்ணுல தங்கின ஈரத்தை நம்பியே பெரும்பாலும் வளர்ற பயிர். ஈரம் தீர்றதுக்குள்ள காய் முத்தலேன்னா போச்சு.

இப்போ ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். உங்க வீட்டுக்கு ரெண்டு ஏக்கர் மானாவாரி நிலம். விதைக் கடையில மூணு ரகம் இருக்கு. ஏக்கருக்கு மூணு வருஷ விளைச்சல், மூட்டைக் கணக்குல:

முதல் ரகம் 9, 8, 1.
ரெண்டாவது ரகம் 6, 6, 5.
மூணாவது ரகம் 3, 3, 3.

எதை வாங்குவீங்க? கூட்டிப் பார்த்தா முதல் ரகம் 18, ரெண்டாவது 17. ஆவரேஜ்ல முதல் ரகம்தான் டாப்பர். ஆனா அந்த ஒத்தை மூட்டை வருஷத்துலதான் உங்க தங்கச்சிக்கு காலேஜ் அட்மிஷன்னு வெச்சுக்கோங்க. விதைக்கு வாங்கின கடனும் அப்படியே நிக்குது. 'ஆவரேஜ் நல்லாத்தான் இருக்கு சார்'னு சொன்னா ஃபீஸ் கவுன்ட்டர்ல விடுவாங்களா?

அதுக்காக மூணாவது ரகத்துக்கு ஓடாதீங்க. அது தினமும் கரெக்டா அரை மணி நேரம் லேட்டா வர்ற டவுன் பஸ் மாதிரி. நம்பலாம், ஆனா பிரயோஜனம் இல்லை!

இந்தத் தலைவலியை விஞ்ஞானிகள் எப்படித் தீர்க்கிறாங்க? ஒரே ரகங்களைப் பல ஊர்ல, பல வருஷம் விதைச்சுப் பார்ப்பாங்க. 1963-ல ஆஸ்திரேலியாவுல ஃபின்லே, வில்கின்சன்னு ரெண்டு பேர் பார்லி ரகங்களை வெச்சு ஒரு வழி காட்டினாங்க. ஒவ்வொரு இடத்துலயும் எல்லா ரகங்களோட சராசரியை எடு. நல்ல இடம் எது, மோசமான இடம் எதுன்னு தெரிஞ்சிடும். அதுக்கு எதிரா ஒவ்வொரு ரகத்துக்கும் தனித்தனியா கோடு போடு. கோடு ரொம்பச் செங்குத்தா ஏறினா, அது நல்ல மண்ணுல துள்ளி, மோசமான மண்ணுல கவுந்துடுற ரகம். ரொம்பப் படுத்திருந்தா, எவ்வளவு கவனிச்சாலும் பெருசா ஏறாத ரகம். 1966-ல எபர்ஹார்ட், ரஸ்ஸல் இன்னொண்ணு சேர்த்தாங்க. புள்ளிகள் கோட்டை விட்டு எவ்வளவு சிதறுதுன்னும் பாருன்னு! ஸ்டாட்டிஸ்டிக்ஸ் பேப்பர்ல ரெக்ரஷன் எதுக்குன்னு புலம்பினீங்களே, இதுக்குத்தான்!

நிஜக் கதை பக்கத்துலயே இருக்கு. ஜபல்பூர் வேளாண் பல்கலைக்கழகமும் ஹைதராபாத் பக்கத்துல இருக்கிற இக்ரிசாட் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கின ஜே.ஜி.11 ரகம் 1999-ல வெளியாச்சு. சீக்கிரம் விளையும், அதனால கடைசி நேர வறட்சியில மாட்டாது. வாடல் நோயையும் தாங்கும். அன்னைக்கு ஒண்ணா இருந்த ஆந்திராவுல, இந்த மாதிரி ரகங்கள் வந்த அடுத்த பத்து வருஷத்துல கொண்டைக்கடலை பரப்பும் எகிறிச்சு, விளைச்சலும் எகிறிச்சு. பகட்டு இல்லை, கைவிடாத குணம்தான் காரணம்.

ஆனா ஆந்திரக் கரிசல்ல ஜெயிச்ச ரகம் உங்க செம்மண்ணுலயும் ஜெயிக்கும்னு கேரண்டி கிடையாது. அதனாலதான் நம்ம கோவை வேளாண் பல்கலைக்கழகம் கோ 3, கோ 4-னு தனியா ரகங்களைக் கொடுத்திருக்கு.

அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ அப்பா புது விதை வாங்கக் கிளம்பினா, கூடவே போங்க. கடலையோ, நிலக்கடலையோ, எதுவா இருந்தாலும் சரி. 'ஏக்கருக்கு எவ்வளவு விளையும்?'னு எல்லாரும் கேப்பாங்க. நீங்க, 'மழை ஏமாத்தின வருஷத்துல எவ்வளவு விளைஞ்சுது?'ன்னு கேளுங்க. கடைக்காரர் முழிச்சா சந்தியூர்லயும் நாமக்கல்லயும் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. அங்கே கேளுங்க.

சரி, சுண்டல் ஆறுது. சாப்பிடுங்க!