தொட்டியில் குறைந்த எண்ணெய் எங்கே போனது?



மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் நாம் விடமாட்டோம். எலி தின்றதா, தராசில் பிசகா, இறக்கும்போது சிந்தியதா என்று கண்டுபிடித்த பிறகுதான் சாப்பிடப் போவோம். ஆனால் எண்ணெய் குறைந்தால் மட்டும் ஆவியாகிப் போயிருக்கும் என்று எழுதிக் கணக்கை முடித்துவிடுகிறோம்.

நானும் அப்படி எழுதியவன்தான். எங்கள் கடையில் மண்ணெண்ணெய் விற்ற காலத்தில் குடோனுக்குப் பின்னால் பேரல்களைப் பாதி மண்ணில் பதித்து வைத்திருந்தோம். மாதாமாதம் சில லிட்டர் குறையும். கழிவு என்று எழுதுவேன். கிணற்றுத் தண்ணீரில் வாடை வந்த பிறகே ஒரு பேரலைத் தோண்டி எடுத்தோம். அடித்தகடு துருப்பிடித்து ஊசித்துளை விழுந்திருந்தது. கீழே மண் கறுத்துக் கிடந்தது. கிணற்றை மூடிவிட்டு, போர் போட்டுக்கொண்டோம். பக்கத்து வீட்டுக்காரரிடம் உங்கள் கிணறு எப்படி என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் குறை இன்றும் மனதில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் பாருங்கள். இன்றைய பெட்ரோலில் பென்சீன் என்ற பொருள் நூற்றுக்கு 1 பங்கு வரை இருக்கலாம். இரத்தப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது. குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அப்படியானால் ஒரே லிட்டர் பெட்ரோல் 8 லட்சம் லிட்டர் தண்ணீரைக் கெடுக்கப் போதும். வாடை தெரிகிற அளவு இந்த வரம்பைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே வாடை இல்லை, தண்ணீர் நல்லது என்று சொல்வதற்கில்லை.

இது எங்கோ நடப்பதல்ல. சென்னை தண்டையார்பேட்டையில் 2013-ல் வீட்டுப் போர்களில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. துறைமுகத்திலிருந்து வரும் பாரத் பெட்ரோலியக் குழாயில் கசிவு. விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போயிற்று. யாழ்ப்பாணம் சுன்னாகத்தில் மின் நிலையத்துக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்தது. 2019-ல் இலங்கை உச்ச நீதிமன்றம் 2 கோடி ரூபாய் இழப்பீடு தரச் சொல்லித் தீர்ப்பளித்தது. குழாயானாலும் தொட்டியானாலும் மண்ணுக்கு ஒன்றுதான்.

நம் ஒட்டன்சத்திரத்தில் பழனி சாலையிலும் திண்டுக்கல் சாலையிலும் பங்குகள் இருக்கின்றன. மண்டிக்கு வரும் லாரிகளுக்கு அவை இல்லாமல் முடியாது. எதிலாவது கசிவு இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. பங்க் நடத்துகிறவரும் நம்மைப் போல் வியாபாரிதான். ஆனால் நம் ஊர் பாறை பூமி. எண்ணெய் பாறை வெடிப்பு வழியே ஓடும். பக்கத்துக் கிணற்றை விட்டுவிட்டுத் தள்ளியிருக்கும் கிணற்றில் போய் நிற்கும். கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாது.

சோதனை முறை கடினமானதல்ல. முதல் சோதனை நம் பேரேடுதான். தினமும் அளவுகோல் விட்டுப் பார்த்த இருப்பையும், வரவையும், விற்பனையையும் ஒப்பிட வேண்டும். வெயிலில் கொஞ்சம் ஏறி இறங்கும். ஆனால் ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே போனால் தொட்டியையும் குழாயையும் அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். சந்தேகம் உறுதியானால் தொட்டியைச் சுற்றித் துளையிட்டு, பல ஆழங்களில் மண் எடுப்பார்கள். நிலத்தடி நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அந்தத் திசையில் கண்காணிப்புக் கிணறு போடுவார்கள். தண்ணீரைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்கு இடமில்லாமல் நிரப்பி, குளிர்ச்சியாக ஆய்வகம் சேர்க்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்துக்கொடுத்தால் முடிவு தவறாகும்.

மாசடைந்த இடங்களுக்கென்றே 2025-ல் மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. கெடுத்தவரே சுத்தம் செய்யும் செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நாளை நாம் வாங்கும் இடத்தில் பழைய தொட்டி புதைந்திருந்தால், யார் கெடுத்தது என்று வழக்காட வேண்டியவர் நாமே.

எனவே மூன்று காரியம் செய்வோம். ஜெனரேட்டருக்கும் லாரிக்கும் டீசல் சேமிப்பவர்கள் பேரலைத் தரைக்கு மேல், கண்ணில் படும்படி வையுங்கள். பங்க் நடந்த இடத்தை வாங்குமுன் மண் சோதனை கேளுங்கள். பங்குக்கு இடம் குத்தகை விடுகிறவர்கள், காலி செய்யும்போது தொட்டியை எடுத்து மண்ணைச் சோதித்துத் தர வேண்டும் என்று பத்திரத்தில் எழுதுங்கள். மூன்றாவது, நம் சங்கச் செலவில் மார்க்கெட் பகுதிக் கிணறுகளின் தண்ணீரை ஒரு முறை ஆய்வுக்கு அனுப்புவோம். என் பங்கை நான் முதலில் தருகிறேன்.

குறைந்த சரக்கு எங்காவது போய்த்தான் இருக்கும். நம் கணக்கில் கழிவு என்று எழுதியது, பக்கத்து வீட்டுக் குடத்தில் வரவாகக் கூடாது.