ஆளில்லாத வார்டில் மன உறுதி எங்கிருந்து வரும்?

மனநலப் பிரிவுச் செவிலியர்கள் சோர்ந்துபோவதற்கு அவர்களிடம் மன உறுதி போதாததே காரணம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். மூச்சுப் பயிற்சி, தியானம், இரண்டு நாள் பயிலரங்கு ஆகியவை அவர் சொல்லும் தீர்வுகள். இரவுப் பணியில் ஒரு வார்டுக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று கட்டுரையில் ஓரிடத்திலும் அவர் கேட்கவில்லை. அதைக் கேட்காமல் மன உறுதியைப் பற்றி எழுதுவது பொறுப்பற்ற செயல்.

நள்ளிரவில் ஒரு நோயாளி கொந்தளிக்கிறார். பேசி அமைதிப்படுத்த ஒருவர் அவர் அருகிலேயே இருக்க வேண்டும். மற்றவர்களை விலக்கி அழைத்துப்போக இன்னொருவர், டாக்டரைக் கூப்பிட வேறொருவர். உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோதுதான் நோயாளியைக் கட்டிவைக்கலாம் என்கிறது 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம். மிகச் சரியான சட்டம். ஆனால், பேசிப் பார்க்கவே ஆளில்லாத இடத்தில் வேறு வழி ஏது? தனியாக நிற்கும் சிஸ்டர் அடியும் வாங்குகிறார். கட்டிவைத்தோமே என்று உள்ளுக்குள் குமைகிறார். விடியும்வரை அதே வார்டில் வேலையும் பார்க்கிறார். அவரிடம் போய் மூச்சை இழுத்துவிடச் சொல்வது அவமதிப்பு.

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் லென் பவர்ஸ் குழுவினர் நடத்திய ‘சேஃப்வார்ட்ஸ்’ ஆய்வு 2015இல் வெளியானது. சேஃப்வார்ட்ஸ் முறையைச் செயல்படுத்திய வார்டுகளில் மோதல்கள் 15 சதவீதமும், கட்டுப்படுத்தும் நடவடிக்கைகள் 26.4 சதவீதமும் குறைந்தன. அங்கே மாறியது வார்டின் அன்றாட நடைமுறை. நோயாளிக்குக் கெட்ட செய்தி வரப்போகிறது என்றால் முன்பே அறிந்து துணையிருந்தார்கள். ஒரு சண்டை நடந்தால், அதைப் பார்த்துப் பயந்த மற்ற நோயாளிகளோடும் பேசினார்கள். இதற்கெல்லாம் பயிற்சி வேண்டும்தான், மறுக்கவில்லை. கற்றதைச் செய்ய நேரம் வேண்டாமா?

மனம் தளராதவர்களாகப் பார்த்து வேலைக்கு எடுக்கலாம் என்ற யோசனைதான் கட்டுரையிலேயே கொடூரமானது. தமிழ்நாட்டில் 2015இல் தேர்வெழுதி அரசுப் பணிக்கு வந்த செவிலியர்களுக்குத் தொகுப்பூதியமாகக் கிடைத்தது மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னை டிஎம்எஸ் வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். இத்தனைக்குப் பிறகும் வார்டுக்குத் திரும்புகிறவர்களிடம் உறுதி இல்லை என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

மனநலப் பணியாளர்களின் எண்ணிக்கையில் சர்வதேச அளவை எட்ட அரசு பத்தாண்டுகளுக்குள் முயல வேண்டும் என்று அதே மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 31ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் நடைமுறைக்கு வந்தது 2018இல். கெடு 2028. அதற்குள் எத்தனை செவிலியர் பணியிடங்கள் நிரப்பப்படும் என்று கட்டுரையாளர் அரசிடம் கேட்கட்டும்.