உலை நிற்கும் முன் ஊரைக் கணக்கெடுப்போம்

பெருங்களத்தூர் ஸ்டாண்டர்ட் மோட்டார்ஸ் ஆலை 1980களின் இறுதியில் மூடப்பட்டது. இன்று அந்த நிலத்தில் ஐ.டி. பூங்காவும் அடுக்குமாடிகளும் நிற்கின்றன. திட்டமிடுவோர் கூட்டங்களில் இதை மீட்சிக்கு உதாரணமாகக் காட்டுகிறோம். மீண்டது நிலம்தான். அந்த ஆலையை நம்பிப் பிழைத்த லேத் பட்டறைக்காரர்கள் நம் அறிக்கைகளில் வருவதே இல்லை.

மறைமலை நகரிலும் அதே கதைதான். ஃபோர்டு 2021 செப்டம்பரில் மூடலை அறிவித்தது. 2022 ஜூலையில் கடைசி கார் வெளியேறியது. நிரந்தரத் தொழிலாளர்கள் போராடி இழப்பீடு பெற்றார்கள். கேன்டீனிலும் கம்பெனி பஸ்ஸிலும் வேலை பார்த்தவர்களுக்குப் பேரம் பேச மேசையே கிடையாது. அதே வளாகத்தில் இன்ஜின் தயாரிக்க 2025இல் தமிழக அரசுடன் ஒப்பந்தம் ஆகியிருக்கிறது, உற்பத்தி 2029இல்தான். ஆலையை நம்பிக் கடன் வாங்கி வாடகை அறை கட்டியவரின் வங்கித் தவணை ஏழு வருடம் காத்திருக்குமா?

இதையெல்லாம் இப்போது கிளறக் காரணம், அதே செங்கல்பட்டு மாவட்டத்தின் கல்பாக்கம். சென்னை அணுமின் நிலையத்தின் முதல் அலகு 1984இல் வணிக உற்பத்தி தொடங்கியது. 2018 ஜனவரியில் நின்றது. இரண்டாவது அலகுக்கும் நாற்பது வயது. கல்பாக்கமே தேய்கிறது என்று சொல்ல வரவில்லை. 500 மெகாவாட் ஈனுலை இருக்கிறது, இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அந்தத் தெம்பிலேயே பழைய உலைகளுக்குப் பிறகு என்ன என்ற கேள்வி தள்ளிப்போகிறது.

பெருங்களத்தூரைத் தூக்கிவிட்டது ஜி.எஸ்.டி. சாலையும் மின்சார ரயிலும் ஏற்றிய மனை விலை. கல்பாக்கத்தில் அந்த வித்தை பலிக்காது. உலையைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை வளர்ச்சிக்குக் கட்டுப்பாடு. உலையைக் கழற்றி முடிக்கவே பல பத்தாண்டுகள் ஆகும். அணுமின்சாரத்தில் யூனிட்டுக்கு 2 பைசா வீதம் சேர்க்கிறார்களே, அது கழற்றும் செலவுக்கு. உலைக்குப் பக்கத்து ஊரான புதுப்பட்டினத்தின் கடைத்தெருவுக்கு அதில் பங்கில்லை. பிரிட்டனில் உலைகளைக் கழற்றும் பொறுப்பை ஓர் ஆணையத்திடம் ஒப்படைத்த 2004ஆம் ஆண்டுச் சட்டம், சுற்றுவட்டார மக்களின் பிழைப்பையும் அதன் கடமையில் சேர்த்தது. நம் சட்டத்திலும் அப்படி ஒரு வரி வேண்டும்.

சட்டம் வரும்போது வரட்டும். உலையை நிறுத்திப் பராமரிக்கும் ஷட்டவுன் வேலைக்குப் போகும் வெல்டர், ஃபிட்டர், சாரம் கட்டுபவர் ஆகியோருக்கு ஊர்வாரியாக ஒரு பதிவேட்டை நாமே தொடங்கலாம். அணு உலைக்குள் குழாய் பற்றவைத்த கை எந்த ரசாயன ஆலையிலும் விலைபோகும். ஆனால் கான்ட்ராக்டர் மாறிவிட்டால் அந்த அனுபவத்துக்குத் தாளில் சாட்சி இருப்பது அரிது. யார், என்ன வேலை, எத்தனை வருடம், என்ன சான்று என்று கேட்டு எழுதி, செங்கல்பட்டு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு பிரதியைக் கொடுங்கள். இதற்கு அணுசக்தித் துறையின் அனுமதி தேவையில்லை. சதுரங்கப்பட்டினத்திலும் புதுப்பட்டினத்திலும் வீடு வீடாகப் போனால் போதும்.