கொம்பனில் இரண்டு வகை

போன ஞாயிற்றுக்கிழமை பசாருக்குப் போயிருந்தேன். மீன் பலகையில் ஒன்றரை அடி நீளத்தில் நாலைந்து கொம்பன் சுறாக் குட்டிகள் கிடந்தன. எங்கள் தோட்டத்து அம்மா ஒருவர், பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்குப் புட்டு செய்து கொடுக்க ஒன்றைக் கையில் எடுத்தார். என்னைப் பார்த்ததும், "ஏன் வாத்தியாரே, கொம்பன் எல்லாம் ஒன்னுதானே?" என்று கேட்டார்.

"இல்லை அம்மா, தலையைப் பாருங்கள்" என்றேன். அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

சுத்தியல் போன்ற தலையுள்ள சுறாவைத்தான் கொம்பன் என்கிறோம். அதில் பல வகை உண்டு. இரண்டை மட்டும் பார்ப்போம். ஒன்றின் தலை முன்புறம் வில்லாக வளைந்து, நடுவிலும் பக்கங்களிலும் பள்ளம் விழுந்து, அலை போல் இருக்கும். இதை அலைத்தலைக் கொம்பன் என்று வைத்துக்கொள்வோம். மற்றது பெருங்கொம்பன். வளர்ந்ததன் தலை முன்புறம் ஏறக்குறைய நேர்க்கோடு. நடுவில் ஒரு பள்ளம். முதுகுத் துடுப்போ செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் போல உயர்ந்து வளைந்திருக்கும். குட்டியில் இதன் தலையும் சற்று வளைந்தே இருப்பதால், துடுப்பையும் பார்த்தே அடையாளம் காணவேண்டும்.

அலைத்தலை பெரும்பாலும் 12 அடிக்குள் வளரும். பெருங்கொம்பன் 20 அடியைத் தொடும். முன்னது கூட்டமாகத் திரியும்; சபா கடலுக்கு அப்பால் லாயாங்-லாயாங் தீவருகே அக்கூட்டங்களைக் காண முக்குளிப்போர் செல்வதுண்டு. பின்னது தனியாகத் திரிந்து, திருக்கையைத் தலையால் தரையில் அழுத்திப் பிடித்துத் தின்னும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் குட்டி போடும்.

2019-இல் மலேசியா பெருங்கொம்பனைப் பாதுகாக்கப்பட்ட மீன்களில் சேர்த்தது. அலைத்தலை அந்த அறிவிப்பில் இடம்பெறவில்லை. ஆனால் அதே ஆண்டில் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இரண்டையுமே அழிவின் விளிம்பில் உள்ளவையாக அறிவித்தது. குட்டியையே பிடித்துவிட்டால் இனம் பெருகுவது எப்படி?

இன்னொன்றும் சொன்னேன். சுறா மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழ்வதால், அதன் சதையில் பாதரசம் சேர்கிறது. கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் சுறாவைத் தவிர்ப்பது நல்லது என்பது மருத்துவர் அறிவுரை. பால் ஊறட்டும் என்று நாம் அன்போடு ஊட்டுவது, அந்தப் பாலின் வழியே பிள்ளைக்கும் போகக்கூடும்.

"எங்க அம்மா எனக்கு அதைத்தானே ஆக்கிப் போட்டாங்க" என்றார் அவர். சற்று நேரம் குட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதைப் பலகையில் வைத்துவிட்டு, அரைக் கிலோ கெம்போங் மீன் நிறுக்கச் சொன்னார்.