வடக்கின் தென்னம்பிள்ளைகளும் தெற்கின் வாடல் நோயும்

குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களை உள்ளடக்கிய தெங்கு முக்கோணத்திற்கு அடுத்ததாக, வடக்கிலும் ஒரு தெங்கு முக்கோண வலயத்தை உருவாக்கும் திட்டம் 2025ஆம் ஆண்டில் ஆரம்பித்து வைக்கப்பட்டது. போரின்போது ஷெல் வீச்சினால் தலையிழந்து நின்ற தென்னைகளை இன்னும் மறக்காத வன்னி மக்கள் இதனை வரவேற்பது இயல்பே. ஆயின், எத்தனை இலட்சம் பிள்ளைகள் நடப்படும் என்று பேசப்படும் அளவுக்கு, அவை எத்தகைய பிள்ளைகள் என்பது பேசப்படுவதில்லை. நடுகை விழாக்களில் புகைப்படத்துக்கு அகப்படாத விடயம் அது.

மாத்தறை மாவட்டத்தின் வெலிகமையில் 2006ஆம் ஆண்டு இனங்காணப்பட்ட ஓலை வாடல் நோயை இங்கு நினைவுபடுத்த வேண்டியுள்ளது. பைற்றோபிளாஸ்மா எனப்படும் நுண்ணுயிர், சாறுறிஞ்சும் பூச்சிகள் வாயிலாகப் பரவி, மரத்தின் உணவு கடத்தும் இழையத்தில் குடிகொள்கிறது. ஓலைகள் தளர்ந்து மஞ்சளாகின்றன. விளைச்சல் படிப்படியாகக் குன்றுகிறது. மரம் உடனே மடிவதில்லை என்பதே பெரும் சிக்கல். காய்க்கும் மரத்தைத் தறிக்க எந்த விவசாயிக்குத்தான் மனம் வரும்? நோயைக் குணப்படுத்தும் மருந்து கிடையாது. எனவேதான் நோயுற்ற மரங்களை அகற்றுவதும், காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னம்பிள்ளைகளை வெளியே கொண்டு செல்வதைத் தடுப்பதுமே கைவசமுள்ள வழிகளாயின.

எதிர்ப்புச் சக்தியுள்ள இனங்களை உருவாக்குவதே நிரந்தரத் தீர்வு. நெல்லில் இதனை நாம் சாதித்திருக்கிறோம். 1950களின் இறுதியில் பத்தலகொடை உருவாக்கிய எச்-4 இனம், முருங்கைக்காயன் என்ற நம் பாரம்பரிய நெல்லை ஒரு பெற்றாராகக் கொண்டது. எரிபந்த நோயைத் தாங்கி நின்றது. ஆனால் நெல் சில மாதப் பயிர். நெட்டைத் தென்னை காய்ப்பதற்கே ஆறேழு ஆண்டுகள் வேண்டும். ஒரு கலப்பினத்தின் தரத்தை அறிய மேலும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கேரளத்தில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் அறியப்பட்ட வேர் வாடல் நோய்க்கு, நோய் மலிந்த தோப்புகளில் நலமுடன் நின்ற மரங்களைத் தேடித் தெரிந்து, கல்பரக்சா, கல்பசிறீ போன்ற இனங்கள் வெளியிடப்பட ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தது. இங்கும் பச்சை நிறக் குட்டை இனம் வெலிகம நோயைக் கணிசமாகத் தாங்குவதை லுணுவில தெங்கு ஆராய்ச்சி நிலையத்தினர் அவதானித்துள்ளனர். 1929ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் அந்நிறுவனத்தின் இப்பணி, வரவு செலவுத்திட்டத்துக்கு ஒருமுறை கூடியும் குறைந்தும் வரும் நிதியில் நடந்தேறக் கூடியதல்ல.

1869ஆம் ஆண்டு வெளிப்பட்ட இலைத் துரு நோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தமை பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்த வரலாறு. மலைநாடெங்கும் ஒரே பயிர் இடைவெளியின்றி நடப்பட்டிருந்தமை அந்நோய்க்கு வாய்ப்பாகியது. வடக்கில் புதிதாக உருவாகும் தோப்புகளிலும் ஒரே மூலத்திலிருந்து பெறப்பட்ட பிள்ளைகளே நிரம்புமானால் அதே ஆபத்தே எழும்.

வழங்கப்படும் ஒவ்வொரு பிள்ளையும் எந்த விதைத்தோட்டத்தில், எந்தத் தாய்மரத்தில் பெறப்பட்டது என்ற விபரம் விவசாயியின் கைக்குக் கிடைக்க வேண்டும். பிள்ளைகளை ஏற்றிவரும் வாகனங்கள் வலயத்தின் எல்லையிலேயே பரிசோதிக்கப்படவும் வேண்டும். இவற்றுக்கான உத்தியோகத்தர்களை நியமிப்பது குறித்து அமைச்சு இப்போதே தீர்மானிக்க வேண்டும். அடுத்த நடுகைப் பருவமழை அதற்காகக் காத்திராது.