பணிக்கர் கேட்டதும் கேளாததும்

சீன எல்லையில் கலகம் மூளும் சமயங்களில் எல்லாம் ஸர்தார் கே. எம். பணிக்கரின் பெயர் நமது ராஜீய வட்டாரங்களில் அடிபடுவது வழக்கமாகிவிட்டது. 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் கல்வான் பள்ளத்தாக்கில் நமது வீரர்கள் 20 பேர் உயிர் நீத்த பிறகும் அப்பழங்கதை கிளறப்பட்டது. திபேத்தைச் சீனருக்குத் தாரை வார்த்துக் கொடுத்தவர் அவரே என்று ஒரு கட்சியார் தூற்றுகின்றனர். ஆசியாவின் புத்தெழுச்சியை முன்னறிந்த மேதை என்று மற்றொரு கட்சியார் போற்றுகின்றனர். இவ்விரு கூற்றுகளில் எதையும் அப்படியே ஒப்புக்கொள்ள நம்மால் இயலவில்லை.

பணிக்கர் திருவாங்கூரில் காவாலத்தில் பிறந்தவர், ஆக்ஸ்போர்டில் பயின்றவர், அலிகாரில் ஆசிரியராய் இருந்தவர். பத்திரிகைத் தொழிலும் அவருக்குப் புதிதன்று. சென்னையில் ஸ்ரீ பிரகாசம் நடத்திய 'ஸ்வராஜ்யா'வில் பணியாற்றினார். 1924-ல் டில்லியில் 'ஹிந்துஸ்தான் டைம்ஸ்' தோன்றியபோது அதன் முதல் ஆசிரியரானார். பிறகு சுதேச மன்னர்களின் சேவையில் புகுந்து பிகானீர் திவானாக உயர்ந்தார். தேசம் சிறை சென்றுகொண்டிருந்த காலத்தில் ராஜாக்களின் தர்பாரில் அமர்ந்திருந்தவர் என்று அவரைக் குறை கூறுவோர் உண்டு. ஆயினும் 1947 ஏப்ரலில் அரசியல் நிர்ணய சபைக்கு முன்வந்து பிரதிநிதிகளை அனுப்பிய சில சமஸ்தானங்களுள் பிகானீரும் ஒன்று என்பதை நாம் மறக்கலாகாது. பிகானீர் சார்பில் சபையில் அமர்ந்தவரும் அவரே.

1948-ல் நான்கிங்குக்குத் தூதராகச் சென்றார். மறு வருஷம் அந்நகரம் கம்யூனிஸ்டுப் படைகளின் வசமானதை நேரில் கண்டார். 1950 மே மாதத்தில் புதிய சர்க்காருக்கு நமது தூதராகப் பீகிங் போய்ச் சேர்ந்தார். அடுத்த மாதமே கொரியா யுத்தம் வெடித்தது.

அவ்வருஷம் செப்டம்பர் மத்தியில், சீனா நேரடியாக யுத்தத்தில் இறங்காது என்றே பணிக்கர் கருதியிருந்தார். அம்மாதக் கடைசியில் சீனப் படைத் தலைவர்களுள் ஒருவரான நியே ஜுங் சென் வேறு விதமாகப் பேசியதைக் கேட்டதும் தமது அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டார். தாம் எழுதியனுப்பியதைத் தாமே மறுத்து எழுதும் துணிவு எல்லா உத்தியோகஸ்தருக்கும் வாய்ப்பதில்லை. அக்டோபர் 2-ந் தேதி நள்ளிரவில் அவரை உறக்கத்திலிருந்து எழுப்பி, பிரதம மந்திரி சௌ என் லாய் அழைப்பதாகச் சொன்னார்கள். அமெரிக்கத் துருப்புகள் 38-வது அட்சரேகையைத் தாண்டினால் சீனா தலையிட்டே தீரும், தென் கொரியர் மட்டும் தாண்டினால் அது வேறு விஷயம் என்று சௌ என் லாய் தெளிவாகக் கூறினார். ஒரு சொல்லும் குறையாமல் பணிக்கர் டில்லிக்குத் தெரிவித்தார். டில்லியிலிருந்து அது லண்டனுக்கும் வாஷிங்டனுக்கும் எட்டியது.

வாஷிங்டன் அதை அலட்சியம் செய்தது. பீகிங்கின் தாளத்துக்கு ஆடுபவர் என்று ஜனாதிபதி ட்ரூமன் அவரைச் சந்தேகித்தார். பீதி பிடித்த மனிதர் என்று பொருள்பட அவர் பெயரையே வைத்துப் பரிகாசமும் செய்தார்கள். ஒரு வாரத்துக்குள் அமெரிக்கப் படை ரேகையைத் தாண்டியது. அக்டோபர் 19-ந் தேதி சீனத் துருப்புகள் யாலு நதியைக் கடக்கலாயின. யுத்தம் 1953 ஜூலை வரையில் நீடித்தது. வெள்ளைத் தூதர் ஒருவர் கொண்டுவந்த செய்தியாயின் அதை இவ்வளவு எளிதாகத் தள்ளியிருப்பார்களா என்று கேட்க நமக்கு உரிமையுண்டு.

இங்கே நிறுத்திக்கொண்டால் இது ஒரு தேசபக்தரின் புகழ் வரலாறாகவே முடியும். ஆனால் அதே அக்டோபரில், அதே சீன சர்க்காரின் படைகள் திபேத்துக்குள்ளும் புகுந்தன. புகப் போவதை முன்கூட்டி அறிந்து சொன்னவராக நமது தூதர் விளங்கவில்லை. அதற்கு முன்பே ஒரு பிழை நேர்ந்திருந்தது. ஆகஸ்டு மாதத்தில் நமது தூதரகம் சீன சர்க்காருக்குக் கொடுத்த குறிப்பில், திபேத்தின் மீது சீனாவுக்குள்ள பெயரளவான மேலாதிக்கத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பதிலாகப் பூரண ஆதிபத்தியத்தைக் குறிக்கும் சொல் இடம் பெற்றுவிட்டது. பின்னர் டில்லி பழைய சொல்லுக்குத் திரும்பியபோது, முன்னே எழுதிக் கொடுத்தது எங்கே போயிற்று என்று பீகிங் நவம்பரில் திருப்பிக் கேட்டது. பத்திரத்தில் ஒரு சொல் பிசகினால் காணி கைவிட்டுப் போகும் என்பதை நமது கிராமத்துக் கணக்குப்பிள்ளையும் அறிவார்.

ஸர்தார் படேல் 1950 நவம்பர் 7-ந் தேதி பிரதம மந்திரி நேருவுக்கு எழுதிய கடிதத்தில், சீனரின் செய்கைக்குச் சமாதானம் தேடுவதிலேயே நமது தூதர் மிகுந்த சிரமம் எடுத்துக்கொள்கிறார் என்று மனம் நொந்து குறிப்பிட்டார். ஐந்து வாரத்தில் படேல் மறைந்தார்.

எல்லா வினையும் அச்சொல்லால் விளைந்ததென்று நாம் கருதவில்லை. அதனினும் பெரிய பிசகு 1952-ல் நேர்ந்தது. அவ்வருஷம் ஜூன் மாதத்தில் சௌ என் லாயும் பணிக்கரும் திபேத்தில் இந்தியாவுக்குள்ள உரிமைகளைப் பற்றிப் பேசினர். வியாபாரம் பேசப்பட்டது, லாஸாவிலிருந்த நமது காரியாலயம் பேசப்பட்டது, எல்லை மட்டும் பேசப்படவில்லை. அது சற்று விசித்திரமாயிருக்கிறது என்று நேருவுக்கே தோன்றிற்று. பணிக்கரோ, எல்லையில் சீனருக்கு ஆட்சேபம் இல்லாமையாலேயே மௌனம் சாதிக்கின்றனர், நாமாக எழுப்பிச் சந்தேகத்துக்கு இடங் கொடுக்கலாகாது என்று வாதாடினார். நள்ளிரவில் சௌ என் லாய் பேசியதைப் பிசகின்றிக் கேட்ட அதே செவி, பட்டப்பகலில் அவர் பேசாததற்குத் தானே ஒரு பொருளை இட்டு நிரப்பிக்கொண்டது. ஐரோப்பிய ஆதிக்கத்தின் கீழ் ஆசியா பட்ட பாட்டைப் பெருநூலாக எழுதிய சரித்திராசிரியர் அவர். வெள்ளையரிடம் சந்தேகக் கண்ணுடன் இருந்த அவருக்கு, ஆசியரிடம் அக்கண் திறக்கவில்லை.

ஆயினும் பழியனைத்தையும் அவர் தலையில் சுமத்துவது நியாயமன்று. யோசனை சொல்வது தூதரின் தொழில். ஏற்பதும் தள்ளுவதும் சர்க்காரின் பொறுப்பு. பணிக்கரின் யோசனைக்கு நேர்மாறான யோசனையும் டில்லியில் இருந்தது. வெளிநாட்டு இலாகாவில் உயர்பதவி வகித்த ஸர் கிரிஜா சங்கர் பாஜ்பாய், எல்லையை இப்போதே பேசித் தீர்க்க வேண்டும் என்று வற்புறுத்தினார். பம்பாய்க் கவர்னராகப் போன பின்னரும் எழுதினார். இரண்டையும் படித்தே நேரு முன்னதைத் தேர்ந்தார். தூதரைத் திட்டுவோரில் பலர் இதைச் சொல்லாமல் விடுவதன் காரணத்தை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

1954 ஏப்ரல் 29-ந் தேதி பீகிங்கில் திபேத் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பணிக்கர் அப்போது அங்கே இல்லை. கெய்ரோவில் தூதராயிருந்துவிட்டு வந்து, ராஜ்யங்களைத் திருத்தியமைக்கும் கமிஷனில் அங்கத்தினராய் அமர்ந்திருந்தார். ஒப்பந்தத்திலும் எல்லையைப் பற்றிய பேச்சு இல்லை. அதன் ஆயுள் எட்டு வருஷம். 1962 ஜூன் மாதத்தில் அது புதுப்பிக்கப்படாமல் காலாவதியாயிற்று. அக்டோபர் 20-ந் தேதி சீனப் படைகள் எல்லையைத் தாண்டின. அதைக் கண்ட பின்னரே, 1963 டிஸம்பரில், பணிக்கர் காலமானார்.